பழைய ரிவால்வரின் கதையைச் சொல்லும் எண்ணும் முத்திரையும்

பழம்பொருள் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் ரிவால்வர்களில் ஒன்று, அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் தயாரித்த '1851 நேவி'. 1850 முதல் 1873 வரை தயாரிக்கப்பட்ட இதற்கு நகல்களும் ஏராளம். அசலை அடையாளம் காண, துப்பாக்கியில் பொறிக்கப்பட்டுள்ளவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

முதலில் பாதுகாப்பு. இதில் இன்றைய தோட்டா பயன்படாது. சுழலும் உருளையின் ஆறு அறைகளிலும் முன்பக்கமாகக் கருமருந்தும் ஈயக் குண்டும் இட்டு அழுத்துவார்கள்; பின்பக்கம் சிறிய செப்புக் கேப் பொருத்துவார்கள். சுத்தியல் கேப் மீது அடித்ததும் தீப்பொறி மருந்தை எட்டும். நூறாண்டு கடந்த கருமருந்தும் வெடிக்கக்கூடும். எனவே, அறைகள் காலி என்று துறை அறிந்தவர் உறுதிசெய்யும் வரை விசையைத் தொடக்கூடாது.

அடுத்தது தோற்றம். எட்டுப் பட்டைக் குழல், ஏழரை அங்குல நீளம், .36 அளவுக் குண்டு ஆகியவை இதன் அடையாளங்கள். 1843 மே 16ஆம் தேதி டெக்சஸ் கடற்படை மெக்சிகோ கப்பல்களுடன் மோதிய காட்சி உருளையைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருக்கும்.

குழலின் மேலுள்ள முகவரியும் முக்கியம். கோல்ட் 1853 முதல் 1856 வரை லண்டனிலும் தொழிற்சாலை நடத்தியது. அங்கு தயாரானவற்றுக்குத் தனி வரிசை எண்கள் இடப்பட்டன. ஆகவே, முகவரியைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்து ஆண்டைக் கணித்தால் தவறாகிவிடும்.

குழல், உருளை, சட்டகம், விசைக்காப்பு, கைப்பிடி ஆகியவற்றில் ஒரே எண் இருந்தால் பாகங்கள் மாற்றப்படவில்லை எனக் கொள்ளலாம். எண்கள் வேறுபட்டால் அது பல துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்தது. நீள்வட்டத்துக்குள் 'இ.எல்.ஜி.' என்ற எழுத்துகள் இருந்தால், அது பெரும்பாலும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் தயாரானது. இத்தாலியச் சோதனை முத்திரை இருந்தால், அது 1950களின் இறுதிக்குப் பின் வந்த நகலாக இருக்கலாம்.

துருவைப் போக்கப் பளபளப்பாகத் தேய்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. எண்ணும் முத்திரையும் கடற்போர்க் காட்சியும் அதில் அழிந்துவிடும். அழிந்த சான்றை மீட்பது மிகக் கடினம். தேய்க்காமல் படம் எடுத்து வைப்பதே ஆய்வுக்கு உதவும்.

பழையது என்பதால் சட்டம் விட்டுவிடும் என்று எண்ணக்கூடாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் துப்பாக்கிச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. மூதாதையர் பெட்டியில் இத்தகைய ஒன்று கிடைத்தால், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு உடனே காவல்துறைக்குத் தெரிவிப்பதே நல்லது.