வானொலி கேட்ட கிராமங்கள்

ஊராட்சி வானொலி ஊருக்கே ஒலித்த நாள்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். கிராமம் மாறப் பெட்டி மட்டும் போதுமா? 1956-இல் பூனா வானொலி நிலையம் யுனெஸ்கோ உதவியுடன் இதைச் சோதித்தது. ஏறத்தாழ 150 கிராமங்களில் மன்றங்கள் அமைத்து, 10 வாரங்களில் 20 நிகழ்ச்சிகளை ஒலிபரப்பினர். நிகழ்ச்சி முடிந்ததும் உறுப்பினர்கள் விவாதிப்பர்; ஐயங்களை நிலையத்துக்கு எழுதுவர்.

மன்றமுள்ள ஊர், வெறும் பெட்டியுள்ள ஊர், இரண்டுமற்ற ஊர் என மூவகையையும் சமூகவியல் அறிஞர் பால் நியூராத் ஒப்பிட்டார். மன்ற ஊர்களில் அறிவு வெகுவாக உயர்ந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் அவ்வளவாக இல்லை. தமிழில் 'கேட்டல்' என்பது வினவுதலும்தானே!

பின்னர் 1960-களில், திருச்சி வானொலி பரப்பிய ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்லுக்குத் தஞ்சை உழவர்கள் இட்ட பெயர் 'ரேடியோ நெல்'.