இளகிய பானட்: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லையில் ஒரு பட்டறைச் சொல்லின் வரலாறு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் பழைய அம்பாசடர் கார் ஒன்றின் பானட் ஆடத் தொடங்கினால், அதைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர் தமிழராயினும் மலையாளியாயினும் கையாளும் வினைச்சொல் ஒன்றே: இளகிவிட்டது. இன்றைய பொதுத்தமிழில் இளகுவது மெழுகு, வெல்லப்பாகு, மனம். மலையாளத்தில் ‘இளகுக’ என்பது அசைதலையும் பொருத்து விட்டுப்போதலையும் குறிக்கும். குமரி மாவட்டத் தமிழிலும் ஆணி இளகும், பல் இளகும். ‘இளக்கம்’ என்னும் பெயர்ச்சொல்லுக்குப் பொதுத்தமிழிலும் தளர்ச்சி என்ற பொருள் உண்டு. ஆகவே எல்லைத் தமிழரின் இவ்வழக்கை மலையாளக் கடன் என்று முத்திரையிட்டு ஒதுக்க இயலாது. இரு மொழிகளுக்கும் பொதுவான ஒரு வேரின் பழைய பொருட்கிளை இங்கே இன்னும் உயிரோடிருக்கிறது.

இச்சொல் மோட்டார்ப் பட்டறைக்குள் நுழைந்த வழியைச் சாலையின் வரலாறு காட்டுகிறது. திருவிதாங்கூர் அரசின் பேருந்துப் போக்குவரத்தை 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்தார். மறுநாள் திருவனந்தபுரம் – கன்னியாகுமரித் தடத்தில் முறையான சேவை தொடங்கியது. லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய ஈ. ஜி. சால்ட்டர் இத்துறையின் பொறுப்பாளராக இருந்தார். இங்கிலாந்திலிருந்து வந்தவை பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய கோமர் அடிச்சட்டங்கள் மட்டுமே. உடற்கூடுகள் திருவிதாங்கூரிலேயே கட்டப்பட்டன. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என ஒரே அரசின் ஒரே சாலையில் தகடு வெட்டும் தொழிலும் அதன் பேச்சும் பரவத் தடையேதும் இருக்கவில்லை.

பதினெட்டு ஆண்டுகளில் அச்சாலையின் குறுக்கே மாநில எல்லை விழுந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பள்ளிப் பாடமொழி, அரசு வேலை, வண்டியின் பதிவெண் யாவும் எல்லைக்கு ஏற்ப மாறின. இன்று பாறசாலை வண்டிக்கு கே.எல். 19, சில கிலோமீட்டர் தெற்கே மார்த்தாண்டம் வண்டிக்கு டி.என். 75.

எல்லை பிறந்த அதே 1956இல்தான் பிரிட்டனில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார் வெளிவந்தது. அதைத் தழுவி வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் உருவாக்கியதே அம்பாசடர். பிரித்தானிய வழி வந்த கார், பிரித்தானியச் சொற்களையும் உடன் கொணர்ந்தது. அமெரிக்கர் ‘ஹூட்’ என்னும் எஞ்சின் மூடி ஆங்கிலேயர்க்கு ‘பானட்’. ஆங்கிலேயர் ‘ஹூட்’ என்றால் மடக்கக்கூடிய துணிக்கூரை. இரண்டும் தலைக்கவசத் துணியின் பெயர்களே. வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் பிறந்த உதிரிச் சக்கரத்தின் பெயர், எல்லையின் இருபுறமும் இன்றளவும் ‘ஸ்டெப்னி’யாகவே வழங்குகிறது.

உறுப்புகளின் பெயர்கள் அயலானவை. அவற்றின்மீது கை செய்யும் வேலையின் சொற்கள் அவ்வாறல்ல. பானட் இளகுவதற்குக் காரணங்கள் பல: கீல் போல்ட்டின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும், மூலைகளில் தாங்கும் ரப்பர் இறுகி வெடித்திருக்கும், பூட்டின் ஸ்பிரிங் வலுவிழந்திருக்கும். கீல் கண்ணாடிப் பக்கம் இருப்பதால், ஓட்டத்தில் பூட்டு விட்டால் காற்று மூடியைத் தூக்கிக் கண்ணாடிமீது அறையும். எனவே கீல் இருந்த இடத்தைக் கோடிட்டுக்கொண்டு, போல்ட்டுகளைத் தளர்த்தி, இருபுற இடைவெளியும் ஒத்து வரும்வரை மூடியை நகர்த்தி, பின்னர் முறுக்குவர். துளை தேய்ந்திருந்தால் அதை அடைத்து மீண்டும் துளையிடுவர். இவ்வேலையில் தகடு மலையாளத்தில் ‘தகிடு’ ஆகிறது. முறுக்கு இரண்டிலும் முறுக்கே. இளகல் இரண்டிலும் இளகலே.

தொழிலின் பெயரும் கவனத்திற்குரியது. ஆங்கிலத்தில் ‘டிங்கர்’ என்பவர் ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரம் அடைத்தவர். அங்கே அச்சொல் காலப்போக்கில் அரைகுறையாகத் தட்டிக்கொட்டுவது என்ற பொருளுக்கு இறங்கிற்று. இந்தியாவிலோ ‘டிங்கரிங்’ என்பது வண்டியின் உடற்கூட்டைச் செப்பனிடும் முழுத் தொழிலாகவே நிலைபெற்றது. தமிழ், மலையாளம் இரண்டிலும் பட்டறைப் பலகையில் அதுவே எழுதப்படுகிறது.

இச்சொற்களை வைத்து இவ்வூர்கள் தமிழுடையவை என்றோ மலையாளத்துடையவை என்றோ வாதிடுவது 1950களின் வழக்கை மீண்டும் தொடுப்பதாகும். அதற்கு இவை சான்றாகா. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவருக்குத் தாய்மொழி ஒன்று என்று பதிவு செய்கிறது. மாநிலச் சீரமைப்பும் ஒரு தாலுகாவுக்கு மொழி ஒன்று என்ற கணக்கில் நடந்தது. ஒரே வேலையைச் செய்யும் இருவர் எந்த வினைச்சொல்லில் உடன்படுகிறார்கள் என்பது அந்த இரு கணக்கிலும் விழாது.

அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றது. புதிய கார்களில் நெளிந்த மூடியைத் தட்டி நிமிர்த்துவதைவிடக் கழற்றிப் புதிது மாட்டுவதே பெருவழக்காகி வருகிறது. செப்பனிடும் வேலை குறையுமிடத்தில் அதன் வினைச்சொற்களும் குறையும். பானட், ஸ்டெப்னி போன்ற பெயர்ச்சொற்கள் விலைப்பட்டியலில் தங்கிவிடும். எல்லைத் தமிழைக் கள ஆய்வு செய்யும் மாணவர்கள் உறவுமுறைச் சொற்களையும் வேளாண் சொற்களையும் திரட்டுவதோடு, சுத்தியல் பிடித்த தலைமுறை இருக்கும்போதே பட்டறை வினைச்சொற்களையும் வாக்கியத்தோடு பதிவு செய்தல் வேண்டும்.