பேட்ஜ் வந்த கதை, போன கதை



வீடு மாற்றக் 'குட்டி யானை' பிடிக்கும்போது, "டிரைவருக்குப் பேட்ஜ் இருக்கா?" என்று நம்மில் சிலர் இன்னும் கேட்கிறோம். இப்போது அந்தக் கேள்விக்கு அவசியமில்லை. காரணம் தெரிய 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் போகவேண்டும்.

அந்தச் சட்டத்தில் நடுத்தர, கனரக வாகனங்களுக்குச் சரக்கு, பயணிகள் என நான்கு தனி வகைகள் இருந்தன. 1994 நவம்பரில் நான்கையும் நீக்கி 'போக்குவரத்து வாகனம்' என்ற ஒரே சொல்லைப் போட்டார்கள். குழப்பம் அங்கேதான் பிறந்தது. 7,500 கிலோவுக்குள் இருந்தால் லோடு வண்டியும் இலகுரக வாகனமே என்று அதே சட்டம் இன்னொரு பிரிவில் சொல்கிறதே! ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் தனிப் பேட்ஜ் கேட்டன. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனங்களும் அதையே பிடித்துக்கொண்டன. வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: வண்டிக் கடனே தீராதவர் தலையில் இழப்பீடும் விழுந்தால் அந்தக் குடும்பம் எழுந்திருக்காது.

போதாக்குறைக்கு 2007-இல் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் கட்டாயமானது. ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு போன்ற ஊர்களை நினைத்துப் பாருங்கள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய இளைஞன் கொண்டைஊசி வளைவில் எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் பேட்ஜ் கிடையாது. ஹரியானாவின் மேவாத் பகுதி ஏழை ஓட்டுநர்களுக்காக அந்த மாநில அரசு கேட்ட பிறகு, 2019-இல் மத்திய அரசு இந்த விதியை எடுத்தது. தாமதம்தான், ஆனால் சரியான முடிவு.

பேட்ஜ் வழக்கில் 2017-லேயே உச்ச நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன்மேல் ஐயம் எழ, ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதிசெய்தது: மொத்த எடை 7,500 கிலோவுக்குள் என்றால் கார் உரிமமே போதும். அதற்கு மேற்பட்ட லாரி, பேருந்துக்குப் பழைய நிபந்தனைகள் அப்படியே உண்டு; இருபது வயதும் ஆகியிருக்கவேண்டும்.

ஒன்றை மட்டும் சேர்த்துப் படியுங்கள். 2022 ஏப்ரலில் நெல்லிவாசல்நாடு பக்கம் சேம்பறைக் கோயிலுக்குப் போன சின்ன லோடு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். பேருந்து எப்போதாவது வரும் மலையில் ஜனங்கள் கிடைத்த வண்டியில் ஏறிவிடுகிறார்கள். ஓட்டுபவர் கையில் எந்த உரிமம் இருந்தாலும், சரக்கு வண்டியில் பயணிகளை ஏற்றச் சட்டம் அன்றும் இடம் தரவில்லை, இன்றும் தரவில்லை.