வாயிற்காசும் வனவிலங்கும்

காண வருவோர் தரும் காசைக் கொண்டு விலங்குகளைப் பேணுதல் எளிய ஏற்பாடாகவே தோன்றும். கூட்டம் வராது நின்றுவிடின் அவ்விலங்குகளுக்கு உணவிடுவார் யார் என்னும் வினா அதனுள் ஒளிந்து கிடக்கிறது. இவ்வினாவைச் சிங்கை ஒருமுறையன்று, பலமுறை எதிர்கொண்டுள்ளது. அவற்றுள் நெஞ்சை உருக்கும் நிகழ்ச்சி ஒன்றன் தொடக்கம் நம் சிராங்கூன் சாலையிலேயே அமைந்தது என்பதை மாணவருள் பலர் அறியார்.

முதல் முயற்சி அரசினுடையது. 1859-ஆம் ஆண்டில் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தார் தோற்றுவித்த பூமலை 1874-இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. மறு ஆண்டே அங்கு ஒரு விலங்குக் காட்சிசாலை எழுந்தது. ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் காண்டாமிருகம் ஒன்றைக் கொடையாக அளித்தார். பிறரும் தத்தமக்கு இயன்றதை அளித்தனர். விலங்குகள் பரிசாக வந்தன. அவற்றின் தீனி பரிசாக வரவில்லை! யானையைக் கட்டித் தீனி போடுதல் யார்க்கு எளிது? 1888-இல் பூமலையின் பொறுப்பேற்ற ரிட்லி போன்ற அறிஞர் இருந்தும், பராமரிப்புச் செலவு பெருஞ்சுமையாகவே நீடித்தது. 1905-இல் காட்சிசாலை மூடப்பட்டது. கருவூலம் கைவிரித்தால் அறிஞரின் ஆர்வம் என் செய்யும்?

அரசு விட்ட பணியைத் தனியொருவர் தம் பணப்பையை நம்பித் தொடங்கினார். அவர் வாழ்ந்த சூழலை முதலில் நோக்குவோம். இன்று பூக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்து விளங்கும் தேக்கா வட்டாரம் அன்று கால்நடைகளின் ஊர். கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். எருமையின் பெயரைத் தாங்கிய 'பஃபலோ' சாலை இன்றும் உண்டு. கல்கத்தாவிலிருந்து வந்து கால்நடை வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய பெலிலியோஸ் என்பாரின் பெயரையும் அங்கொரு சாலை தாங்கி நிற்கிறது. அருகிலிருந்த குதிரைப் பந்தயத் திடல் 1933-இல்தான் புக்கித் தீமாவுக்குப் பெயர்ந்தது. மாடும் எருமையும் குதிரையும் நடமாடிய அத்தெருவில், 317-ஆம் எண் இல்லத்தில் புலியும் வாழ்ந்தது என்றால் வியப்பாக இருக்கும்!

அவ்வில்லத்திற்குரியவர் வில்லியம் லாரன்ஸ் சோம பாசப்பா. பெருநிலக்கிழாராக விளங்கிய இந்தியரான ஹன்மா சோமப்பாவின் மகனார். தந்தை தேடிய செல்வத்தை மைந்தர் விலங்குகள்மீது செலவிட்டார். 'ஆப்பே' என்னும் பெயருடைய வங்கப் புலியைக் கயிற்றில் பிணித்து உடனழைத்துச் செல்வார் என்றும், ஊரார் அவரை 'விலங்கு மனிதர்' என்றே வழங்கினர் என்றும் அறிகிறோம். 1928-இல் தம் தோட்டத்தைப் பொங்கோல் கடற்கரைக்கு மாற்றினார். ஏறத்தாழ 27 ஏக்கர் பரப்பில் விரிந்த அத்தோட்டத்தில் இருநூறு விலங்குகளும் ஈராயிரம் பறவைகளும் இருந்தன என்பர். கட்டணம் செலுத்திப் பொதுமக்கள் கண்டுகளித்தனர். விலங்குகளை வாங்கி விற்கும் வணிகமும் உடன் நடந்தது. இன்றைய அளவுகோலால் நோக்கின் அவ்வணிகத்தை விலங்கினக் காப்பு என்று கூறல் பொருந்தாது. அதனை மறைத்துப் புகழுரை பாடுதல் வரலாறும் ஆகாது. எனினும், அரசு கைவிட்டபின் சிங்கை மக்கள் விலங்குகளைக் கண்டு வியக்க ஓரிடம் இருந்தது என்றால் அஃது அவர் அளித்தது.

பொங்கோலுக்குப் பெயர்ந்த மறு ஆண்டே உலகப் பொருளியல் வீழ்ச்சி தொடங்கிற்று. இரப்பரும் ஈயமும் விலையிழந்தன. மலாயாவை நம்பி வாழ்ந்த சிங்கை தளர்ந்தது. அந்நாள்களைக் கடந்தும் தோட்டம் நிலைத்தது. வாயிற்காசு, வணிக வருவாய், குடும்பச் செல்வம் என மூன்று ஊற்றுகள் அதற்கு இருந்தமை ஈண்டு கருதத்தக்கது. ஆயின், அம்மூன்றும் ஒரே மனிதரின் கையில் இருந்தன. 1942-இன் தொடக்கத்தில் ஜப்பானியர் படை நெருங்கியபோது, வடகரைப் பாதுகாப்பிற்கென அந்நிலத்தைப் பிரிட்டிஷார் கேட்டனர். விலங்குகளை அப்புறப்படுத்த அவருக்குக் கிடைத்தது 24 மணி நேரம். புலியையும் பாம்பையும் ஒரே இரவில் எவர் வீட்டுக்கு ஓட்டிச்செல்வது? பறவைகளும் தீங்கற்ற உயிர்களும் திறந்துவிடப்பட்டன. எஞ்சியவை சுட்டுக் கொல்லப்பட்டன. மறு ஆண்டு, 1943-இல், பாசப்பாவும் மறைந்தார். பொறுப்பை ஏற்று நடத்தச் சங்கமோ அறநிதியோ பின்னால் இருக்கவில்லை.

விடுதலைக்குப் பின்னர் எழுந்த முயற்சி வேறு வகையினது. 1968-இல் பொதுப் பயனீட்டுக் கழகத் தலைவர் ஓங் சுவீ லா, நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் விலங்குத் தோட்டம் அமைக்கும் எண்ணத்தை முன்வைத்தார். அரசு 9 மில்லியன் வெள்ளி வழங்கிற்று. இலங்கைத் தெகிவளை விலங்குத் தோட்டத்தை நடத்திய லின் டி அல்விஸ் ஆலோசகராக வந்து, கம்பிக் கூண்டுகளுக்கு மாறாக அகழியும் மரமும் எல்லையாக அமையும் திறந்தவெளி முறையை வகுத்தார். 1973 ஜூன் 27-இல் மண்டாய் விலங்குத் தோட்டம் திறக்கப்பட்டது. ஜூரோங் பறவைப் பூங்கா அதற்கு ஈராண்டு முன்னரே, 1971-இல், திறக்கப்பட்டிருந்தது. காலப்போக்கில் இவற்றின் புகழ் சுற்றுலாவோடு இறுகப் பிணைந்தது. ஆ மெங் என்னும் உராங் உத்தான் 1992-இல் சுற்றுலாச் சிறப்புத் தூதர் விருதே பெற்றது.

அப்பிணைப்பு 2020-இல் சோதனைக்குள்ளாயிற்று. 2019-இல் 19.1 மில்லியனாக இருந்த வெளிநாட்டு வருகையாளர் தொகை 2020-இல் 2.7 மில்லியனாகவும், 2021-இல் சுமார் 3 இலட்சத்து 30 ஆயிரமாகவும் சுருங்கியது. கொவிட்-19 முறியடிப்புத் திட்டத்தின்கீழ் ஏப்ரல் 7 முதல் மண்டாய்ப் பூங்காக்கள் அடைபட்டன; ஜூலை 6-இல்தான் மீண்டும் திறந்தன. சிராங்கூன் சாலைக் கடைக்காரர் கதவை அடைத்துக் காத்திருக்கலாம். யானைப்பாகன் அவ்வாறு காத்திருக்க இயலாது. வாயில் மூடிய நாளிலும் உள்ளே உணவு வெட்டப்பட்டது, கொட்டில் கழுவப்பட்டது. பின்னர், 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் 100 வெள்ளி பெறுமான பற்றுச்சீட்டை அரசு வழங்கிற்று. மொத்தச் செலவு 320 மில்லியன் வெள்ளி. அயலார் விட்டுச்சென்ற இடத்தை உள்ளூரார் நிரப்புக என்பதே அதன் பொருள். இழப்பை முற்றும் ஈடுசெய்ய அதனால் இயலாது. ஆயினும் தன் நாட்டுத் தோட்டத்தைக் காண உள்ளூர்க் குடும்பத்தைத் தூண்டிய செயல் என்ற அளவில் அதனை நான் பெரிதும் மதிக்கிறேன். அதே 2020-இல் மண்டாய்க் குழுமமும் தெமாசெக்கும் இணைந்து 'மண்டாய் நேச்சர்' என்னும் காப்பமைப்பை நிறுவின.

ஆப்பிரிக்காவின் நமீபியாவில் நிகழ்ந்ததையும் உடன்வைத்து நோக்கலாம். 1996-இல் இயற்றிய சட்டத்தால் அங்குக் கிராம மக்களே வனவிலங்குகளுக்குப் பொறுப்பாளராகி, விருந்தினர் விடுதிகளும் வேட்டை உரிமங்களும் தரும் வருவாயிலிருந்து காவலர்க்கு ஊதியம் கொடுத்து வந்தனர். 2020-இல் அவ்வருவாய் வற்றவே, அரசும் காப்பமைப்புகளும் கொடையாளரும் கூடி இடர்க்கால நிதி திரட்ட நேர்ந்தது. காவலரை இழந்த காட்டில் வேட்டைத் திருடர் நுழைய எத்தனை நாள் ஆகும்?

வாயிற்காசை நேரடியாக நம்பாத பணி ஒன்றும் சிங்கையில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கு அற்றுப்போன இருவாச்சிப் பறவை 1994-இல் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சிறு பிளவின் வழியாக ஆண் பறவை உணவூட்டும். அத்தகைய பெரும்பொந்துடைய முதுமரங்கள் இங்கு அரியன. ஆகவே 2004-இல் தேசியப் பூங்காக் கழகமும் ஜூரோங் பறவைப் பூங்காவும் தனியார் ஆர்வலரும் இணைந்து செயற்கைக் கூட்டுப் பெட்டிகளை மரங்களில் பொருத்தினர். நிலம் ஒருவருடையது, அறிவு மற்றொருவருடையது, உழைப்புப் பலருடையது. இன்று உபின் தீவில் மட்டுமன்றிச் சாங்கியிலும், நகரப் பூங்காக்களிலும் அப்பறவைகளைக் காலை வேளையில் கட்டணமின்றிக் காணலாம். அதே சாங்கிப் பகுதியில் சோமப்பா சாலை என்றொரு சாலை உண்டு. பாசப்பாவின் குடும்பப் பெயரே அது.