ஒரே சாவு, இரண்டு சட்டங்கள்: இந்தியாவில் மூளைச்சாவு வரையறை உருவான கதை

செயற்கைச் சுவாசக் கருவி வருவதற்கு முன் மூளைச்சாவு என்ற நிலையை மருத்துவர் எதிர்கொள்ள வழியே இல்லை. மூளைத்தண்டு செயலிழந்தால் மூச்சு நிற்கும். சில நிமிடங்களில் இதயமும் நின்றுவிடும். கருவி மூச்சைத் தாங்கிப் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான், மூளை முற்றிலும் அழிந்த உடலில் இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். பாரிஸைச் சேர்ந்த மொல்லாரே, கூலோன் இருவரும் 1959இல் அதை ஆழ்மயக்கத்தைக் கடந்த நிலை என்று விவரித்தனர். மரணம் என்று அவர்கள் சொல்லவில்லை.

அப்படிச் சொல்லும் தேவையை உறுப்பு மாற்று அறுவை உண்டாக்கியது. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதன்முதலாக மனித இதயத்தை மாற்றிப் பொருத்தினார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். அடுத்த பிப்ரவரியில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பி.கே. சென் அதே அறுவையைச் செய்தார். அங்கே நோயாளி சில மணி நேரமே பிழைத்திருந்தார். 1968 ஆகஸ்டில், மூளைச்சாவை ஆராய்ந்த ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழுவின் அறிக்கை வெளியானது. அதன் தலைவர் ஹென்றி பீச்சர், நோயாளிகள்மீது நடந்த நெறியற்ற ஆய்வுகளை 1966இல் அம்பலப்படுத்தியவர். மீளா மயக்கத்தை மரணமாக ஏற்க அறிக்கை இரண்டு காரணங்களைச் சொன்னது: மீளமுடியாதவரைக் கருவியில் வைத்திருப்பதால் குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் நேரும் சுமை, பழைய வரையறையால் உறுப்பு பெறுவதில் எழும் சர்ச்சை. இரண்டாவது காரணத்தை ஒளிக்காமல் எழுதியது நேர்மைதான். ஆனால் உறுப்புக்காகவே மரணத்தை முன்னால் இழுத்துவந்தார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை ஓயாததற்கும் அந்த வரிகளே காரணம்.

பிறகு நாடுகள் வெவ்வேறு வழியில் போயின. அமெரிக்காவில் 1981இல் உருவான மாதிரிச் சட்டம், உறுப்பு தானம் பற்றிப் பேசாமலேயே மூளைச்சாவைப் பொதுவான மரணமாக வகுத்தது. ஜப்பானில் 1968இல் வாடா ஜூரோ செய்த இதய மாற்று அறுவை, கொடையாளி உண்மையிலேயே இறந்திருந்தாரா என்ற ஐயத்தில் சிக்கிக் கொலைப் புகார்வரை போனது. அதன்பின் அங்கே சட்டம் வர 1997 ஆயிற்று. அதுவும் உறுப்பு தானத்துக்கு மட்டும் மூளைச்சாவை ஏற்றது.

இந்தியா ஜப்பானின் இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஆனால் வந்த பாதை வேறு. இங்கே சட்டத்தைக் கேட்டது சிறுநீரக வியாபாரம். 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் உறவினர் தந்த சிறுநீரகத்தைப் பொருத்துவது கைகூடியது. 1980களில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்ததும், உறவற்றவரின் சிறுநீரகத்தையும் உடல் ஏற்கச் செய்வது எளிதாயிற்று. வாங்க ஆள் வந்தபின் தரகர் வராமல் இருப்பாரா? சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்ற பெயரே ஏற்பட்டது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்தது: விற்பனையைக் குற்றமாக்கியது, இறந்தவரிடமிருந்து உறுப்பு கிடைக்கும்படி மூளைத்தண்டுச் சாவை அங்கீகரித்தது.

முதல் வேலையில் ஓட்டை இருந்தது. நெருங்கிய உறவினர் அல்லாதவரும் ‘அன்பு அல்லது பற்று’ காரணமாக, அங்கீகாரக் குழுவின் ஒப்புதலுடன் தரலாம் என்றது சட்டம். சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001இல் சென்னையில் நடத்திய ஆய்வு அடுத்த ஆண்டு வெளியானது. விற்றவர்களில் 96 சதவீதத்தினர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். ஆனால் நான்கில் மூன்று பேருக்குக் கடன் தீரவில்லை; சராசரிக் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஏழைக்கு அவன் உடல்மீது உரிமை உண்டு, விற்கட்டுமே என்று வாதிடும் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்த ஆய்வைத்தான்.

இரண்டாவது வேலை தமிழ்நாட்டில் 2008இல்தான் வேகம் பிடித்தது. அந்தச் செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகனின் உறுப்புகளைத் தந்தனர். அரசாணைகளும் காத்திருப்போர் பட்டியலும் அந்த ஆண்டிலேயே ஒழுங்குபெற்றன. உயிரோடிருப்பவரிடம் வாங்குவதிலிருந்து இறந்தவரிடம் பெறுவதற்கு மாநிலம் திரும்பிய கட்டம் அது. மக்களின் மனம் மாறியதை எல்லாரும் புகழ்கிறோம். யாருக்கு முதலில் என்று வரிசையை வகுத்த அலுவலக வேலைக்கும் அதில் சமபங்கு உண்டு என்பது என் கணிப்பு.

ஆனால் வரையறை பிறந்த இடத்திலேயே கட்டுண்டு கிடக்கிறது. நான்கு மருத்துவர்கள் ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து, மூச்சுச் சோதனையும் முடித்து, மூளைத்தண்டுச் சாவு என்று கையெழுத்திடுகிறார்கள் என்று கொள்வோம். அந்த நால்வரில் உறுப்பைப் பொருத்தும் குழுவினர் இருக்கக்கூடாது. குடும்பம் சம்மதித்தால் நோயாளி இறந்தவராகிவிடுகிறார். மறுத்தால்? 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், உயிரின் எல்லா அறிகுறிகளும் நிரந்தரமாக மறைவதையே இறப்பு என்கிறது. மூளைத்தண்டு என்ற சொல் அதில் இல்லை. எனவே பல மருத்துவமனைகளில் இதயம் தானாக நிற்கும்வரை கருவி ஓடுகிறது, கட்டணமும் ஏறுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் நிற்கும் இளம் மருத்துவரிடம்தான் உறவினர்கள் வந்து, “டாக்டர், உசுரு இருக்கா இல்லையா?” என்று கேட்பார்கள். உடலியலில் அதற்கு விடை தெளிவு. சட்டத்தில், அவர்கள் தானத்துக்குச் சம்மதிப்பார்களா என்பதைப் பொறுத்தது.

கேரளம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, தானத்தோடு பிணைக்காமல் மூளைத்தண்டுச் சாவைச் சான்றளிக்க வழி செய்தது. நாடாளுமன்றம் 2011இல் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியபோது சிறைத்தண்டனையைப் பத்தாண்டுவரை உயர்த்தியது, தாத்தா பாட்டியையும் பேரப் பிள்ளைகளையும் நெருங்கிய உறவினராக்கியது, திசுக்களையும் உள்ளே கொண்டுவந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையை மட்டும் தொடவில்லை.