ஏலத்துக்கு வராத பிராணி

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, நாய்களை வைக்கும் இடத்துக்கு இரண்டு சொற்கள் தெரியும். தெருவில் திரிந்ததைப் பிடித்து அடைக்கும் இடம் 'ஃபூரியேர்'. கைவிடப்பட்டதை வைத்துக் காத்து, கேட்பவருக்குக் கொடுக்கும் இடம் 'ரெஃப்யூஜ்'. அரசுப் பணிக்காகத் திருப்பூர் பக்கம் வந்தபோது முதலாவது சொல்லுக்கு மட்டும் இங்கே ஈடு இருந்தது. பவுண்டு. அதுவும் மாட்டுக்குத்தான்.

பவுண்டு பதிவேடு எழுதியவன் நான். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இன்னும் மனப்பாடம். பயிரில் மேய்ந்த மாட்டை அடைப்பார்கள். உடையவர் அபராதமும் தீவனச் செலவும் கட்டி மீட்கலாம். ஏழு நாள் ஆளே வராவிட்டால் அறிவிப்பு. மேலும் ஏழு நாள் போனால் ஏலம். அந்தச் சட்டத்தில் 'கால்நடை' என்ற சொல்லுக்குள் யானை, ஒட்டகம், கழுதை, பன்றி எல்லாம் அடக்கம். (காங்கயத்தில் ஒட்டகம் அத்துமீறி நான் பார்த்ததில்லை.) நாய் கிடையாது. ஏலம் கேட்க ஆளில்லாத பிராணிக்குப் பதிவேட்டில் பக்கம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

செத்த நாய்க்கு மட்டும் விலை இருந்தது. 1832-இல் பம்பாயில் தெருநாயைக் கொல்லக் கூலி கொடுத்தார்கள். நாயை உயர்வாக மதிக்கும் பார்சிகள் கலகத்தில் இறங்கினார்கள். 1834-இல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் முன்னின்று பம்பாய் பிஞ்சராபோலை நிறுவினார். கேட்பாரற்ற பிராணிகளுக்கு அங்கே இடம் கிடைத்தது.

சென்னையில் மாநகராட்சி பிடித்த நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்தது. 1959 மழையில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கிப்போனவர் விமானி கேப்டன் வி. சுந்தரம். அங்கே தொடங்கியதுதான் புளூ கிராஸ். கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று 1964 முதல் சொல்லிவந்தார்கள். மாநகராட்சி ஏற்றது 1996-இல். முப்பத்திரண்டு வருடம்! கோப்பு நகரும் வேகம் தெரிந்த எனக்கு வியப்பில்லை. 2001-இல் அதுவே நாடு முழுவதற்கும் விதியானது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காங்கயம், வெள்ளக்கோவில் பக்கம் விடிந்து எழுந்து பட்டியில் குதறிக் கிடக்கும் ஆடுகளைப் பார்த்த குடியானவரிடம் கருணை பேச எனக்கு நா எழாது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம், அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது.

என் வீட்டுக்கு வந்தது தெருநாய் அல்ல. குட்டியில் நல்ல விலை போன ராஜபாளையம். 2005-இல் தபால்தலையில் வந்த அதே இனம். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அந்த வெள்ளையோடு பிறவிச் செவிடும் இந்த இனத்தில் சிலதுக்கு வரும். யாரோ நூல் குடோன் காவலுக்கு வாங்கியிருக்கிறார்கள். காது கேட்காத காவல்காரன் எதற்கு? ஐந்து வயதில் ஒரு காப்பகத்தின் மூலையில், பனியன் கட்டிங் வேஸ்ட் மெத்தையில் படுத்திருந்தது.

"குட்டின்னா ஒரே நாள்ல போயிருமுங்க. இத்தாப் பெரிய நாயி, வருசம் ஒண்ணாச்சு, ஒருத்தரும் கேக்கல. இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்கய்யா?" என்றார் அங்கிருந்த தம்பி.

எனக்கும் இடது காது மந்தம் என்றேன். சிரித்துவிட்டார்.

பாரி என்று பெயர் வைத்தேன். தெருவில் எல்லோரும் முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளல் என்றே நினைக்கிறார்கள். நான் நினைத்தது பள்ளிப் பாடத்தில் படித்த பாரியை. ஆல்ப்ஸ் மலையின் சேன் பெர்னார் மடத்தில், பனியில் சிக்கிய நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் நாய். முதுமையில், 1812-இல், அதைப் பெர்ன் நகருக்கு அழைத்துப்போய் ஓய்வாக வைத்திருந்தார்கள். 1814-இல் இறந்தது.

நம்ம பாரியைக் கூப்பிட்டால் வராது. தரையைக் காலால் தட்டினால் அதிர்வு தெரிந்து எழுந்து வரும். தூங்கும்போது பின்னாலிருந்து தொடக் கூடாது என்று பேரனுக்கு இரண்டு முறை சொல்லியாயிற்று.