நகரம் என்னும் தகுதி: கிண்ணியாவை முன்வைத்துச் சில சிந்தனைகள்

நகரம், கிராமம் என்னும் இரு சொற்களையும் நாம் நாளாந்தம் எடுத்தாளுகின்றோம். ஆயினும் ஓரிடத்தை நகரமாக்குவது எது என்று வினவின், அதற்குரிய விடை அத்துணை எளிதன்று. வரைபடத்திலே திட்டமிட்டு எழுப்பப்பட்ட புறநகரொன்று வீதியும் வீடும் மின்சாரமும் பெற்றதும் நகரமாகிவிடுகின்றதா? அன்றி அரசிதழில் வெளியாகும் அறிவித்தலே அதனை நகரமாக்குகின்றதா? இவ்வினாவைக் கிண்ணியாவை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையின் குடிசன மதிப்பு நகரத்தை அதன் இயல்பு கொண்டு வரையறுப்பதில்லை. அதனை ஆளும் சபையின் பெயர் கொண்டே வரையறுக்கின்றது. மாநகரசபை, நகரசபை ஆகியவற்றின் எல்லைக்குள் வாழ்வோர் நகரவாசிகள். ஏனையோர் கிராமத்தவர் அல்லது தோட்டத்தவர். 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வரை பட்டினசபைப் பகுதிகளும் நகரமாகவே கொள்ளப்பட்டன. அவ்வாண்டிலேயே பட்டினசபைகள் ஒழிக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை ஏற்படுத்தியபோது, அப்பட்டினங்களுட் பல அவற்றினுள் அடங்கின. இதன் விளைவு யாது? 1981இல் 21.5 வீதமாயிருந்த நகரச் சனத்தொகை 2012இல் 18.2 வீதமாகக் காட்சியளித்தது. மக்கள் நகரங்களை விட்டு வயல்களுக்குத் திரும்பிவிடவில்லை. கடைவீதிகளும் பேருந்து நிலையங்களும் நின்ற இடத்திலேயே நின்றன, பெயர்ப்பலகையே மாறிற்று.

திட்டமிட்ட புறநகர்களை நோக்கின் இம்முரண்பாடு மேலும் தெளிவாகும். சேர் பற்றிக் அபர்குறோம்பி 1948இல் வகுத்த கொழும்புப் பிராந்தியத் திட்டம் இரத்மலானை, இராகமை, ஹோமாகமை ஆகியவற்றைத் துணைநகரங்களாக வளர்க்க வேண்டுமென முன்மொழிந்தது. அவற்றுள் ஹோமாகமை 2012இல் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட பிரதேச செயலகப் பிரிவாக விளங்கிற்று. எனினும் அது பிரதேச சபையின் ஆட்சிக்கு உட்பட்டதாகையால் கிராமமாகவே எண்ணப்பட்டது. பாராளுமன்றம் 1982இல் கோட்டைக்கு இடம்பெயர்ந்தபின் அமைச்சுகளைத் தாங்க எழுந்த செத்சிறிபாய கட்டிடத் தொகுதி பத்தரமுல்லையில் உள்ளது. அவ்விடமும் கடுவலை மாநகரசபை 2011இல் தோன்றும் வரை சட்டத்தின் கண்களுக்குக் கிராமமே.

அயல்நாடான இந்தியா வேறொரு வழியைக் கையாண்டது. அங்கு சட்டப்படி அமைந்த நகரங்களுக்குப் புறம்பாக, 5,000 பேருக்குக் குறையாத சனத்தொகை, சதுர கிலோமீற்றருக்கு 400 பேர் என்னும் செறிவு, ஆண் தொழிலாளருள் 75 வீதத்தினரேனும் வேளாண்மை சாராத தொழிலில் ஈடுபட்டிருத்தல் ஆகிய மூன்றையும் நிறைவுசெய்யும் ஊர்கள் ‘கணக்கெடுப்பு நகரங்கள்’ எனப்படுகின்றன. 2001இல் 1,362 ஆக இருந்த அவற்றின் தொகை 2011இல் ஏறத்தாழ 3,900 ஆயிற்று. இவ்வளவுகோல் முழுமையானதன்று. பெண்களின் உழைப்பை அது கணக்கில் எடுப்பதில்லை. கணக்கெடுப்பு நகரத்துக்கு நகராட்சியும் கிட்டுவதில்லை. இருப்பினும் மக்களின் தொழிலை நோக்கிக் கேள்வி எழுப்பும் அளவில் அது இலங்கை முறையினும் மேலானது.

இனிக் கிண்ணியாவுக்கு வருவோம். கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் அருகே, நீரால் திருகோணமலையினின்றும் பிரிக்கப்பட்டுக் கிடந்த ஊர் இது. நெல் வேளாண்மையும் மீன்பிடியும் வணிகமும் இதன் வாழ்வாதாரங்கள். எவரும் திட்டமிட்டு அமைத்த புறநகரன்று. தலைமுறை தலைமுறையாகத் தானே வளர்ந்தது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருகோணமலை மாவட்டத்தில் நகரமாக எண்ணப்பட்டவை திருகோணமலையும் கிண்ணியாவும் மட்டுமே. அதே மாவட்டத்திலே குடியேற்றத் திட்டத்தின் பயனாக வளர்ந்த கந்தளாயும், கொட்டியாரக் குடாவின் பழைய பட்டினமாகிய மூதூரும் பிரதேச சபைப் பகுதிகளாகையால் கிராமங்களாயின. திட்டமிட்டது கிராமமாகவும் திட்டமிடாதது நகரமாகவும் பதிவாகியமை கவனத்துக்குரியது.

ஆயின் பெயர் பெற்றமை போதுமானதா? 2009ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆந் திகதி 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, திருகோணமலைக்குச் செல்வோர் மிதவைப் படகுத்துறையில் காத்திருக்கவேண்டியிருந்தது. அந்தப் பாலமே கிண்ணியாவைத் திருகோணமலையின் புறநகராக்கியது என்று கூறின் தவறாகாது. ஆனால் 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி, பாலப்பணி முடிவுறாதிருந்த குறிஞ்சாக்கேணியில் மக்களை ஏற்றிச் சென்ற மிதவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாதோர் மாண்டனர். நகரமென்று எண்ணப்பட்ட ஊரின் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லப் பாதுகாப்பான வழி இல்லாதிருந்தது. இதனை வெறும் விபத்தென ஒதுக்கிவிட நாம் ஆயத்தமாக இல்லை.

நகரத் தகுதியால் ஒரு நன்மையும் இல்லையென நாம் வாதிடவில்லை. கழிவகற்றல், வடிகால், சந்தை, வீதிவிளக்கு ஆகியவற்றை நகரசபையிடம் உரிமையாகக் கோரலாம். அதற்கீடாகச் சோலைவரியும் செலுத்தவேண்டும். வறிய உழவரும் மீனவரும் இதனைச் சுமையாகக் கருதுவது இயல்பே. கிராமமாக எண்ணப்படுவதால் வரி இல்லாது போய்விடும் என்பதும் தவறான கருத்து. பிரதேச சபைச் சட்டமே கட்டிடங்கள் நெருங்கிய பகுதிகளைப் பிரகடனப்படுத்தி வரி அறவிட இடமளிக்கின்றது. வரி அறவிடும் வேளையில் சட்டம் நகரத்தைக் காண்கின்றது. மக்களைக் கணக்கிடும் வேளையில் அதனைக் காணாதிருக்கின்றது.

எனவே ஒரு குடியிருப்பை நகரமாக மதிக்க நான்கு கேள்விகளை எழுப்பலாம். அங்கு வாழ்வோரின் தொழில் அவ்விடத்திலேயே கிடைக்கின்றதா, அல்லது அது உறங்குவதற்கான இடம் மட்டுமா? சுற்றியுள்ள ஊர்கள் தம் தேவைகளுக்கு அதனை நாடி வருகின்றனவா? குடிநீர், வைத்தியம், கல்வி, போக்குவரத்து யாவும் தடையின்றி உளவா? தம் ஊரைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரமும் நிதியும் அங்குள்ள மக்களின் சபையிடம் உள்ளனவா? முதலிரண்டு கேள்விகளுக்கும் கிண்ணியா உறுதியாக விடையளிக்க வல்லது. சந்தையும் வைத்தியசாலையும் பிரதேச செயலகமும் கொண்ட அவ்வூர் அயற்கிராமங்களின் மையமாகும். மூன்றாம் கேள்விக்குக் குறிஞ்சாக்கேணி விடையளித்துவிட்டது. நான்காவதற்கான விடை கிண்ணியாவில் மட்டும் தங்கியதன்று. உள்ளூராட்சியை மத்திய அரசின் தயவில் வைத்திருக்கும் முழு அமைப்பிலும் தங்கியுள்ளது.

வரைபடம் நகரத்தைத் தொடங்கிவைக்கலாம். அரசிதழ் அதற்குப் பெயரிடலாம். அதனை நகரமாக நிலைநிறுத்துவது அங்கு உழைக்கும் மக்களின் வாழ்வே. அம்மக்கள் அச்சமின்றி ஆற்றைக் கடக்க இயலும் நாளிலேதான் நகரம் என்னும் சொல் அதன் பொருளைப் பெறும்.